ஏழாம் வகுப்புக்கு அணுவையும் தனிம அட்டவணையையும் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு இந்த ஆண்டுதான் அறிவியல் எடுக்கிறேன். புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் என்று கரும்பலகையில் படம் போட்ட பத்தாவது நிமிடமே பிள்ளைகளுக்குக் கண் சொருகுகிறது. முதல் இருபது தனிமங்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் எதுவும் உள்ளே போனதாகத் தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்:

நான் முப்பது ஆண்டுகள் வேதியியல் எடுத்தவன். முதல் பத்து ஆண்டுகள் நானும் அதே படத்தைத்தான் போட்டேன்: நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் வளையங்கள், வளையங்களில் புள்ளிகள். படத்தில் பிழையென்று பெரிதாக எதுவும் இல்லை. அது வர வேண்டிய நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ரஷ்யாவில் மெண்டலீவ் தனிம அட்டவணையை வெளியிட்டது 1869இல். தாம்சன் எலக்ட்ரானைக் கண்டது 1897இல். அணுவுக்கு உட்கரு உண்டு என்று ரூதர்ஃபோர்டு சொன்னது 1911இல். சாட்விக் நியூட்ரானைப் பிடித்தது 1932இல். ஆக, எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாத மனிதர் ஒருவர் அட்டவணையைப் போட்டு முடித்துவிட்டார். கையில் இருந்த பொருள்களின் எடையும் குணமும் மட்டுமே அவருக்குப் போதுமாக இருந்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அவை போதும். நம் பாடநூல்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் நியூட்ரானைச் சொல்லிவிட்டுக் கடைசியில் பொருளுக்கு வருகின்றன. நீங்கள் பாடத்தை வரலாறு நடந்த வரிசையிலேயே நடத்திப் பாருங்கள். முதலில் பொருள், பிறகு அட்டவணை, அதற்கும் பிறகு அணுவின் உள்பகுதி.

முதல் நாள் ஒரு தட்டோடு வகுப்புக்குப் போங்கள். பிளாஸ்டிக் உரித்த செம்புக் கம்பி, இரும்பு ஆணி, அலுமினியத் தாள், கரித்துண்டு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கந்தகம் ஒரு சிட்டிகை. கூடவே ஒரு பித்தளை டம்ளர், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை. “இவற்றில் எதை இன்னும் பிரித்து வேறு பொருள்கள் எடுக்கலாம், எதைப் பிரிக்கவே முடியாது?” இதுதான் கேள்வி. சர்க்கரையை இரும்புக் கரண்டியில் போட்டு மெழுகுவர்த்தியில் காட்டினால் கருகிக் கரி நிற்கும். ஓரத்தில் நீராவியும் தெரியும். கரியை என்ன செய்தாலும் அதிலிருந்து இன்னொரு எளிய பொருள் வராது. தனிமம் என்ற சொல்லை இந்த இடத்தில் சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

பித்தளை டம்ளர் வகுப்பைக் குழப்பும், குழப்பட்டும். செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. நகைக்கடைப் பலகைகளில் 916 என்று போட்டிருப்பதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கும், அது என்ன எண் என்று ஒருவருக்கும் தெரியாது. 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது ஆயிரத்துக்கு 916. மீதி செம்பு, வெள்ளி போன்றவை. கலவைக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

ஈயம் என்ற சொல்லில் மட்டும் கவனமாக இருங்கள். பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசும் ஈயமும் வெள்ளீயம். அதன் அணு எண், அதாவது அட்டவணையில் அதன் வரிசை எண், 50. நஞ்சென்று நாம் அஞ்சுவது காரீயம், அணு எண் 82. பேச்சுத் தமிழ் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால், “அப்போது ரசம் விஷமா சார்?” என்ற கேள்வி ஆண்டுதோறும் எனக்கு வந்தது. ஒரே பெயரில் இரண்டு தனிமங்கள் ஒளிந்திருந்தால் என்ன ஆபத்து என்று பிள்ளைகளுக்கே அப்போது விளங்கிவிடும். உலகம் முழுவதற்கும் பொதுவான குறியீடு எதற்கு என்று தனியாகப் பாடம் நடத்தத் தேவையிருக்காது.

அடுத்து, எவ்வளவு சிறியது என்ற கேள்வி. ஏ4 தாளிலிருந்து நீளவாக்கில் ஒரு பட்டை கிழித்துப் பாதியாக வெட்டச் சொல்லுங்கள். பாதியை மறுபடி பாதியாக, அதை மறுபடி பாதியாக. எட்டாவது ஒன்பதாவது வெட்டில் கத்தரிக்கோல் கைவிட்டுவிடும். எத்தனை வெட்டில் ஓர் அணுவின் அளவுக்கு வரும் என்று ஊகிக்கச் சொன்னால் ஆயிரம், லட்சம், கோடி என்பார்கள். விடை 31. வகுப்பே நம்பாது. கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: 29.7 சென்டிமீட்டரை 31 முறை பாதியாக்கினால் ஒரு மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கைவிடச் சற்றே பெரிதாக நிற்கும். அணுக்களின் குறுக்களவு ஏறக்குறைய அந்த அளவுதான்.

எண்ணிக்கை பக்கம் திரும்பும்போது ஒரு பவுன் தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு கிராம், அதிலும் 916. அதிலுள்ள தங்க அணுக்கள் சுமார் 22 கோடி கோடி கோடி. கோடி என்ற சொல்லை மூன்று முறை சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு, உலகத்தில் இருக்கும் சுமார் 800 கோடிப் பேருக்கும் அந்த ஒரு பவுனைப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டரை லட்சம் கோடி அணுக்களுக்கு மேல் கிடைக்கும் என்று சொல்லுங்கள்.

நேரமிருந்தால் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் காட்டலாம். ஒரு சிட்டிகையை ஒரு டம்ளர் நீரில் கரையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்து அடுத்த டம்ளரில் ஊற்றி நீரால் நிரப்புங்கள். அதிலிருந்து பத்தில் ஒரு பங்கு அதற்கடுத்த டம்ளருக்கு. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் நான்காவது டம்ளரில்கூட இளஞ்சிவப்பு தெரியும். முதல் டம்ளரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அங்கே வந்திருக்கிறது, ஆனாலும் டம்ளர் முழுவதும் நிறம். அந்தச் சிட்டிகைக்குள் எத்தனை துகள்கள் இருந்திருக்க வேண்டும்?

இனி அட்டவணை. 118 கட்டங்கள் கொண்ட பெரிய சுவர்ப்படத்தை முதலிலேயே மாட்டிவிடாதீர்கள். முடிந்த வீட்டைக் காட்டிவிட்டுக் கொத்தனார் வேலையைச் சுவையாகச் சொல்ல முடியாது. பிள்ளைகளே அடுக்கட்டும்.

பழைய அழைப்பிதழ் அட்டைகளை வெட்டிப் பதினாறு சீட்டுகள் செய்யுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் தனிமத்தின் பெயர், அணு எடை, அதன் ஓர் அணு எத்தனை ஹைட்ரஜன் அல்லது குளோரின் அணுக்களோடு சேரும் என்ற எண், குணம் பற்றி ஒரு வரி. லித்தியம் 7, பெரிலியம் 9, போரான் 11, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, ஃபுளூரின் 19, சோடியம் 23, மக்னீசியம் 24, அலுமினியம் 27, சிலிக்கான் 28, பாஸ்பரஸ் 31, கந்தகம் 32, குளோரின் 35.5, பொட்டாசியம் 39, கால்சியம் 40. ஹைட்ரஜனைச் சேர்க்க வேண்டாம். அது எங்கு வைத்தாலும் முரண்டு பிடிக்கும். எதோடும் சேராத மந்த வாயுக்களையும் சேர்க்க வேண்டாம். மெண்டலீவிடமும் அவை இல்லை. பதினாறில் சிலிக்கான் சீட்டை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, மீதிப் பதினைந்தைக் குழுவுக்கு ஒரு கட்டாகக் கொடுங்கள்.

எடை வரிசையில் அடுக்கச் சொன்னதும் யாராவது ஒரு பிள்ளை சேரும் எண்ணைக் கவனித்துவிடும். 1, 2, 3, 4, 3, 2, 1. பிறகு மறுபடி 1, 2, 3. தண்ணீரில் பட்டால் சீறும் மென்மையான உலோகம் முதலில் ஒருமுறை வந்தது. ஏழு சீட்டு தள்ளி அதே குணத்தோடு இன்னொன்று வருகிறது. ச ரி க ம ப த நி முடிந்து மேல் ச வருவதுபோல. இது என் உவமை மட்டுமன்று. இங்கிலாந்தில் நியூலேண்ட்ஸ் 1865இல் இதையே மேற்கத்திய இசையின் சுரங்களோடு ஒப்பிட்டு எண்ம விதி என்று பெயர் வைத்தார். லண்டன் வேதியியல் கழகக் கூட்டத்தில் ஒருவர், தனிமங்களை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டு அவரைக் கிண்டல் செய்தார்.

பிள்ளைகள் இரண்டாவது வரியை முதல் வரிக்குக் கீழே இறக்கி வைக்கும்போது சிக்கல் தொடங்கும். அலுமினியத்துக்கு அடுத்து பாஸ்பரஸை வைத்தால் அது கார்பனுக்குக் கீழே போய் விழுகிறது. சேரும் எண் பொருந்தவில்லை. சில குழுக்கள் சீட்டைத் திணிக்கப் பார்க்கும், சில உங்களிடம் புகாரோடு வரும். ஏதாவது ஒரு குழு, “இங்கே ஒன்று குறைகிறது சார்” என்று சொல்லும். அந்த வாக்கியம் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். அமைதியாக நிற்பது கடினம்தான். நான் பலமுறை தோற்றிருக்கிறேன். வாக்கியம் வந்த பிறகு, குறையும் சீட்டில் என்ன எழுதியிருக்கும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். 27க்கும் 31க்கும் நடுவே 29 என்பார்கள். சேரும் எண் 4 என்பார்கள். உண்மையான எடை 28. ஒன்றுதான் பிசகு.

மெண்டலீவின் கதைக்கு இதுதான் நேரம். அட்டவணையை அவர் கனவில் கண்டார் என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கதையைச் சொல்வதில்லை, உழைப்பைத் தூக்கத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. அன்று தெரிந்திருந்தவை 63 தனிமங்கள். குணம் பொருந்தாத இடங்களில் அவர் கட்டத்தைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே இருந்த காலியிடத்துக்கு உரிய தனிமத்தின் அடர்த்தி ஏறக்குறைய 5.9 இருக்கும் என்று எழுதியும் வைத்தார். 1875இல் பிரான்சில் லெகோக் த புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து, அளந்து, அடர்த்தி 4.7 என்றார். தனிமத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டலீவ், உங்கள் மாதிரி தூய்மையாக இல்லை, சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள் என்றார். மறுபடி அளந்தபோது வந்தது 5.9. கையில் வைத்திருந்தவரைவிடக் காகிதத்தில் கணக்குப் போட்டவர் சரியாகச் சொல்லியிருந்தார். இந்த இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்காராவிட்டால் அன்று மதியச் சாப்பாடு கனமாக இருந்திருக்கிறது என்று பொருள். (காலியம் உருகுவது 29.8 டிகிரி செல்சியஸில். சென்னையில் மே மாதம் மேசைமேல் வைத்தால் தானே உருகிக் கிடக்கும்.)

மறுநாள் மூன்று புதிய சீட்டுகள்: ஹீலியம் 4, நியான் 20, ஆர்கான் 40. மூன்றுக்கும் சேரும் எண் சுழியம். ஹீலியத்தைக் கொடுக்கும்போது அடுப்பங்கரையிலிருந்து தொடங்குவேன். சோற்றுக்கு உப்புப் போட்ட உலை பொங்கி வழிந்தால் நீல நிறக் கேஸ் தீ மஞ்சளாக மாறுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது உப்பிலுள்ள சோடியத்தின் கையெழுத்து. அந்த ஒளியை நிறமாலைமானியில் பிரித்தால் குறிப்பிட்ட இடத்தில் மஞ்சள் கோடு விழும். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படி ஒரு கையெழுத்து உண்டு.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு பிரெஞ்சு வானியலர் ஜான்சென் வந்திருந்தார். மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவியோடு காத்திருந்தார். சூரியன் மறைந்த அந்தச் சில நிமிடங்களில் அதன் விளிம்பில் எழுந்த தீ நாக்குகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் தெரிந்த மஞ்சள் கோட்டைச் சோடியத்துடையது என்று எண்ணுவதுதான் இயல்பு. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர், கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்து, சோடியத்தின் இடத்திலிருந்து அது சற்று விலகி இருப்பதை உறுதி செய்தார். பூமியில் யாரும் காணாத ஒரு தனிமம் சூரியனில் இருக்கிறது! கிரேக்க மொழியில் சூரியனைக் குறிக்கும் ஹீலியோஸ் என்ற சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. ராம்சே பூமியிலேயே அதைப் பிடித்தது 1895இல், 27 ஆண்டுகள் கழித்து.

இப்போது சீட்டுகளுக்குத் திரும்புங்கள். ஹீலியம் லித்தியத்துக்கு முன்னால் அழகாக உட்காரும். நியான் ஃபுளூரினுக்கும் சோடியத்துக்கும் நடுவே உட்காரும். ஏழு சுரக் கணக்கு எட்டாகிவிடும், நியூலேண்ட்ஸ் பாவம். ஆர்கான்தான் கலகக்காரன். எடை 40, பொட்டாசியமோ 39. எடை வரிசைப்படி பொட்டாசியம் முன்னால் வந்து மந்த வாயுக்களின் வரிசையில் விழ வேண்டும். தண்ணீரில் தீப்பற்றும் உலோகத்தை எதோடும் சேராத வாயுக்களோடு உட்கார வைப்பதா? பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். சண்டை முற்றட்டும். 1894இல் ஆர்கான் கண்டுபிடிக்கப்பட்டபோது மெண்டலீவே அதைத் தனிமமாக ஏற்கத் தயங்கினார்.

எடையைவிட ஆழமான வேறு ஏதோ எண் இருக்க வேண்டும் என்று வகுப்பு தானாக உணரும் நேரம் இது. 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு அந்த எண்ணை, அதாவது அணு எண்ணை, கண்டுபிடித்தார். ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. இரண்டு ஆண்டுகள் கழித்து, முதல் உலகப்போரில் கலிபோலியில் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 27. அந்த எண் எதை எண்ணுகிறது என்று கேளுங்கள். இப்போது கரும்பலகையில் உங்கள் படத்தைப் போடலாம். உட்கருவிலுள்ள புரோட்டான்களைத்தான் எண்ணுகிறது என்று சொன்னால், அது அவர்கள் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையாக இருக்கும். ஆர்கானுக்கு எடை எப்படிக் கூடியது என்று ஒருவர் கேட்டால் நியூட்ரானும் வந்துவிடும்.

படத்தைப் போடும்போது ஒன்றை மட்டும் மறவாமல் சொல்லுங்கள்: அளவு பொய். ஹைட்ரஜன் அணுவை ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்கு ஊதினால், உட்கரு ஆடுகளத்தின் நடுவே கிடக்கும் ஒரு கடுகு. எலக்ட்ரான்கள் கோள்களைப்போலத் தண்டவாளத்தில் ஓடுவதில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மேல்வகுப்பில் அதை அவிழ்த்துக் கட்டுவது பெரும்பாடு. ஏழாம் வகுப்பில் கூடுகள், எலக்ட்ரான் பங்கீடு என்று அதற்கு மேல் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. பாடத்திட்டம் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் சில தவறுகள் உண்டு, கேட்டு வாங்கினால்தான் வெளியே வரும். ஒற்றைத் தங்க அணுவும் மஞ்சளாகப் பளபளக்கும் என்பார்கள். நீரின் அணு ஈரமாக இருக்கும் என்பார்கள். இரும்பைச் சூடாக்கினால் அணுவே பருக்கும் என்பார்கள். நிறம், ஈரம், கடினம் எல்லாம் கோடிக்கணக்கானவை கூடும்போது வரும் குணங்கள். ஒற்றை நூலிழைக்குச் சேலையின் மடிப்பு உண்டா என்று கேட்பேன். உயிரணு என்ற சொல்லும் தமிழில் ஒரு தனிக் குழப்பம்: செல்லும் அணுவும் ஏறக்குறைய ஒரே அளவு என்று பாதி வகுப்பு நம்பிக்கொண்டிருக்கும்.

குறியீடுகளை மனப்பாடம் செய்வதை நான் எதிர்க்கவில்லை. தேர்வு இருக்கிறதே. சீட்டுகளோடு மூன்று நாள் விளையாடிய பிறகு இருபது தனிமங்களும் பாதி தானாகவே மனத்தில் நிற்கும். சோடியத்துக்கு ஏன் ‘எஸ்’ இல்லை, இரும்புக்கு ஏன் ‘ஐ’ இல்லை என்று கேட்டால், லத்தீனில் நேட்ரியம், ஃபெர்ரம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சிரிப்பு வேண்டுமென்றால் பாஸ்பரஸ். 1669இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் தங்கம் எடுக்கும் ஆசையில் வாளி வாளியாகச் சிறுநீரைக் காய்ச்சினார். கிடைத்தது இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ். ஏழாம் வகுப்பு அந்தத் தனிமத்தை ஆயுளுக்கும் மறக்காது.

இணையத்தில் தமிழில் தேடும்போது இலங்கைப் பாடங்களும் வரும், நன்றாகவே இருக்கும். அங்கே தனிமம் என்பது மூலகம், சேர்மம் என்பது சேர்வை, எலக்ட்ரான் என்பது இலத்திரன், தனிம அட்டவணை என்பது ஆவர்த்தன அட்டவணை. முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சோடியத்தை நீரில் போட்டுக் காட்டும் ஆசை வரும். ஒருமுறை நான் துண்டைச் சற்றுப் பெரிதாக வெட்டிவிட்டேன். கண்ணாடித் தொட்டி உடைந்தது, யாருக்கும் அடிபடாதது என் நல்ல காலம். காணொளியில் காட்டுங்கள், போதும். துத்தநாகத்துக்காகப் பேட்டரியை உடைப்பதும், பழைய வெப்பமானியின் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்கும் உங்களுக்கு ஏழெட்டுப் பாடவேளை ஆகும். இரண்டுதான் கிடைக்குமென்றால் தட்டையும் தாள் வெட்டுவதையும் விட்டுவிடுங்கள், சீட்டுகளை விடாதீர்கள். சிலிக்கான் சீட்டை வகுப்பில் எங்கும் வைக்க வேண்டாம், கைப்பையிலேயே இருக்கட்டும். என் மேசை இழுப்பறையை இடைவேளையில் திறந்து பார்த்துவிட்டார்கள்.